குவில்ட் துணியை இணையத்தில் வாங்கலாமா? கோலாலம்பூர், பினாங்கு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்து, அதற்குக் கீழே மெல்லிய பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வைத்து, மூன்றையும் ஒன்றாகத் தைத்தால் அதுதான் குவில்ட். தையல் வகுப்புக்கு வருகிறவர்கள் "எப்படித் தைப்பது" என்று கேட்பதைவிட "எங்கே துணி வாங்குவது" என்று கேட்பதுதான் அதிகம். அப்படி அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இத்தனை துணிக்கடைகள் இருக்கும்போது இணையத்துக்கு ஏன் போகவேண்டும்?

எல்லாவற்றுக்கும் போகவேண்டாம். அந்தத் தெருவும் மஸ்ஜித் இந்தியாவும், பினாங்கில் லெபோ பாசார் பக்கமும், பாஜு கூரோங், பஞ்சாபி உடை, சேலை, ரவிக்கை இவற்றை நம்பி வியாபாரம் செய்கிற இடங்கள். வழவழப்பாக விழும் துணிக்குத்தான் அங்கே மதிப்பு. சின்னச் சின்னப் பூவும் கட்டமும் போட்ட, கொஞ்சம் விறைப்பான குவில்ட் காட்டனைத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

என் கணக்கு இதுதான்: அச்சுத் துணியை இணையத்தில் வாங்குங்கள். ஒற்றை நிறத் துணி, அடித்துணி, நூல் மூன்றையும் கடையில் நேரில் பார்த்து வாங்குங்கள். ஒற்றை நிறம் கண்ணுக்கு நேரே பொருந்தவேண்டும். அடித்துணியோ மீட்டர் கணக்கில் போகும், கையால் தடவிப் பார்க்காமல் அவ்வளவு காசைப் போடக்கூடாது.

விளம்பரத்தில் எதைப் பார்த்து இது குவில்ட்டுக்கு ஆகும் என்று முடிவு செய்வது?

மூன்று விவரம் போதும். நூறு சதவீதப் பருத்தியா, அகலம் எவ்வளவு, ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம். குவில்ட் காட்டன் பெரும்பாலும் 140 முதல் 150 கிராம் வரை இருக்கும், அகலம் 42 முதல் 44 அங்குலம். 100 கிராமுக்குக் கீழே போனால் மல் துணி மாதிரி மெலிந்து, தையல் ஓரத்தில் பிய்ந்து வரும். 200 கிராமைத் தாண்டினால் கான்வாஸ், பைக்கும் மெத்தை உறைக்கும்தான் சரி. நான்கு மூலை சேருகிற இடத்தில் ஊசி திணறும்.

பெயரை நம்பாதீர்கள். "ஜாப்பனிஸ் காட்டன்", "இங்கிலீஷ் காட்டன்" என்று நம் ஊரில் விற்கும் துணிகளுக்கும் அந்த நாடுகளுக்கும் சம்பந்தம் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பாலியஸ்டர் கலந்ததும் அதே பெயரில் வரும். டிசி என்று போட்டிருந்தால் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது, சந்தேகமே வேண்டாம்.

விவரம் இல்லையென்றால் கடைக்காரரிடம் சாட்டில் கேளுங்கள். "சிஸ், ரெடி ஸ்டாக்!" என்று பதில் வந்தால் அது பதில் இல்லை. "அகலம் எத்தனை அங்குலம், கலப்பு உண்டா, அடிக்குச்சியைத் துணி மேல் வைத்து ஒரு படம் அனுப்ப முடியுமா" என்று திரும்பக் கேளுங்கள். துணி தெரிந்தவர்கள் உடனே அனுப்புவார்கள். அனுப்பாதவரிடம் வாங்குவானேன்?

பார்சல் வந்துவிட்டது. உண்மையிலேயே பருத்திதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கொளுத்திப் பாருங்கள். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி, இடுக்கியால் பிடித்து, சமையலறைத் தொட்டிக்கு மேலே நெருப்புக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி சட்டெனப் பற்றி மஞ்சள் சுடரோடு எரியும், தாள் எரிகிற வாசனை வரும். அணைந்த பிறகு தொட்டால் சாம்பல் மாவாக உதிரும். பாலியஸ்டர் எரிவதற்கு முன்பே சுருண்டு உருகும், கருப்புப் புகை விடும், ஆறியதும் ஓரத்தில் கறுப்பு மணி போலக் கட்டியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் நடக்கும். கொஞ்சம் சாம்பல், நடுவே விரலில் நெருடும் சின்னக் கட்டிகள்.

உருகும் துளி விரலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். இடுக்கி இல்லாமல் செய்யாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் செய்யாதீர்கள்.

நெருப்பு வேண்டாம் என்றால் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெசவு ஒரே சீராக, இடைவெளி தெரியாமல் இருந்தால் நல்ல துணி. கை விரல்களின் உருவம் அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிந்தால் அதை லைனிங்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

"ஒரு யூனிட்" என்று போடுகிறார்களே, அது எவ்வளவு?

பெரும்பாலான ஏமாற்றம் நடப்பது இங்கேதான். ஏமாற்று என்றுகூடச் சொல்லமுடியாது, விவரத்தில் எழுதியிருக்கும், நாம்தான் படிப்பதில்லை. ஷோப்பியிலும் லசாடாவிலும் பல துணிக்கடைகள் ஒரு யூனிட்டை அரை மீட்டராக வைத்திருக்கும். இரண்டு மீட்டர் வேண்டுமென்றால் நான்கு போடவேண்டும். பட்டியலில் மேலே மின்னும் மிகக் குறைந்த விலை பெரும்பாலும் உள்ளங்கை அகல மாதிரித் துண்டின் விலையாக இருக்கும். எத்தனை யூனிட் வாங்கினாலும் வெட்டாமல் ஒரே நீளமாகத் தருவார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கடைகள் கெஜத்தில் விற்கும். ஒரு கெஜம் 36 அங்குலம், 91 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மீட்டர் 39 அங்குலத்துக்கு மேல். ஐந்து கெஜம் வாங்கி ஐந்து மீட்டர் என்று நினைத்தால் 40 சென்டிமீட்டருக்கு மேல் குறையும். ஒரு பக்க அடித்துணியே கோணலாகிவிடும்.

உள்ளூர்க் கடைகளில் பன்னா, அதாவது துணியின் அகலம் (பீடாங்), 45 என்றும் 60 என்றும் சொல்வது அங்குலக் கணக்கு. இரு ஓரத்துக் கரையையும் நீக்கினால் 45 பன்னாவில் பயன்படுவது சுமார் 42 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேட் குவார்ட்டர், சார்ம் பேக், ஜெல்லி ரோல் என்பதெல்லாம் என்ன?

முன்கூட்டியே வெட்டி விற்கும் அளவுகள். ஃபேட் குவார்ட்டர் என்பது கால் கெஜம்தான், ஆனால் நீளக் கீற்றாக வெட்டாமல் 18க்கு 22 அங்குலமாக அகலமாக வெட்டுவது. மீட்டர் நாடுகளில் 50க்கு 55 சென்டிமீட்டர். அதில் 5 அங்குலச் சதுரம் 12 வெட்டலாம். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல அளவு கிடையாது.

சார்ம் பேக் என்றால் 5 அங்குலச் சதுரங்களின் கட்டு. ஜெல்லி ரோல் இரண்டரை அங்குலப் பட்டைகள், துணியின் முழு அகலத்துக்கு, சுருட்டிக் கட்டியது. மோடா நிறுவனத்தின் கட்டுகளில் சார்ம் பேக்குக்கு 42 சதுரமும் ஜெல்லி ரோலுக்கு 40 பட்டையும் வழக்கம். மற்ற நிறுவனங்களின் எண்ணிக்கை வேறாக இருக்கும், பார்த்து வாங்குங்கள். 42 சதுரத்தையும் கால் அங்குலத் தையல் விட்டுச் சேர்த்தால் 27க்கு 31.5 அங்குலம் வரும். தொட்டில் பிள்ளைக்குக் கீழே விரிக்கலாம், அவ்வளவுதான்.

20க்கு 25 சென்டிமீட்டர் துண்டுகள் ஏழு, எட்டு என்று கட்டாக மலிவாக விற்கிறார்களே?

மலிவு மாதிரி தெரியும். பரப்பைக் கணக்குப் போடுங்கள். ஒரு துண்டு 500 சதுர சென்டிமீட்டர். 110 சென்டிமீட்டர் அகலத் துணியில் ஒரு மீட்டர் என்பது 11,000. அப்படியானால் 22 துண்டு சேர்ந்தால்தான் ஒரு மீட்டர். ஏழு துண்டுக் கட்டு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கட்டின் விலையை மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பொம்மை உடைக்கும் சுருக்குப்பைக்கும் சரி, போர்வைக்கு இது வழியல்ல.

ஒரு கட்டில் போர்வைக்கு எவ்வளவு துணி தேவை?

ஒற்றைக் கட்டிலுக்கு, எல்லாம் 5 அங்குலச் சதுரமாக, 13 வரிசைக்கு 18 வைத்துத் தைப்பதாக எடுத்துக்கொள்வோம். 234 சதுரம். தைத்து முடித்தால் 58.5க்கு 81 அங்குலம். ஒரு மீட்டர் துணியில் குறுக்கே எட்டு, நெடுக்கே ஏழு, ஆக 56 சதுரம் கிடைக்கும். எனவே எல்லா அச்சும் சேர்ந்து நாலேகால் மீட்டர். வெட்டும்போது கோணல் போகும், நாலரையாக வாங்கிவிடுங்கள்.

அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கவேண்டும். 45 பன்னா என்றால் இரண்டு நீளம் இணைத்து 4.6 மீட்டர். 60 பன்னா கிடைத்தால் இணைப்பைக் குறுக்கே வைத்து 3.4 மீட்டரில் முடிக்கலாம். இங்கே மெத்தை விரிப்புக்கென்று 94 அங்குலம் அளவுக்கு அகலமான துணியும் விற்கிறார்கள். அது 1.7 மீட்டர் போதும், இணைப்பே வேண்டாம். ஆனால் அந்தத் துணிகளில் மைக்ரோஃபைபர் அதிகம், மேலே சொன்ன நெருப்புச் சோதனை இதற்கும் உண்டு. சுற்று ஓரத்துக்கு இரண்டரை அங்குலப் பட்டை எட்டு வேண்டும், அரை மீட்டர் ஒரு மயிரிழையில் போதாது, 60 சென்டிமீட்டர் வாங்குங்கள்.

கடையில் வெட்டாமல் கிழித்துக் கொடுத்தால் ஓரம் இழுத்துக்கொண்டு ஓரிரு சென்டிமீட்டர் வீணாகும். "அண்ணே, பத்து சென்டிமீட்டர் சேர்த்துக் கிழிங்க" என்று சொல்லிவிடுவது நல்லது.

படத்தில் அரக்கு, வந்தது தக்காளிச் சிவப்பு. என்ன செய்வது?

அடர்சிவப்பும் ஊதாவும் கேமராவில் அடிக்கடி சறுக்கும் நிறங்கள். கடைக்காரர் விளக்கு வெளிச்சத்தில் எடுக்கிறார், நாம் இரவில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து மஞ்சளாக வைத்துக்கொண்டு பார்க்கிறோம். பகலில், திரையின் மஞ்சள் வடிப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். வாங்கியவர்கள் விமர்சனத்தில் போட்டிருக்கும் படங்களைப் பாருங்கள். அழகாக எடுக்கத் தெரியாதவர்கள் எடுத்த படம்தான் உண்மையான நிறத்தைக் காட்டும்.

ஒற்றை நிறத்தை இணையத்தில்தான் வாங்கவேண்டும் என்றால் நிற அட்டை வாங்குங்கள். ராபர்ட் காஃப்மேன் நிறுவனத்தின் கோனா காட்டனில் 300க்கும் மேற்பட்ட நிறங்கள் உண்டு, உண்மைத் துணியை ஒட்டிய அட்டையும் விற்கிறார்கள். விலை கொஞ்சம் உறைக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் அட்டை வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். அப்புறம் இன்னொன்று: ஒரே நிறமானாலும் சாயத் தொட்டி மாறினால் சாயல் மாறும். பின்னணித் துணியை ஒரே தடவையில் முழுவதும் வாங்கிவிடவேண்டும்.

பூவின் அளவு படத்தில் தெரிவதில்லையே?

அடிக்குச்சியோ காசோ வைத்த படம் கேளுங்கள். உள்ளங்கை அளவுப் பூவை 5 அங்குலச் சதுரமாக வெட்டினால் பூ இருக்காது, இதழ்தான் இருக்கும்.

வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் வரி உண்டா?

உண்டு. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கும் 10 சதவீத விற்பனை வரி விதிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளிக்கு மேல் இப்படி விற்பவர்கள் பதிவு செய்து வசூலிக்கவேண்டும். பெரிய தளங்கள் பணம் கட்டும் இடத்திலேயே இதைச் சேர்த்துவிடும். 300 வெள்ளித் துணிக்கு 30 வெள்ளி. விற்பவர் சின்னக் கடை, பதிவு செய்யவில்லை என்றால் இந்த வரி சேராது.

500 வெள்ளியைத் தாண்டினால் கதை வேறு. சுங்கத்தில் நிற்கும், இறக்குமதி வரியும் விற்பனை வரியும் கணக்காகும், கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்க்கும். தோழிகள் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைக்கும்போது தபால் செலவு குறைகிறதே என்று இதை மறந்துவிடுகிறார்கள்.

தபால் செலவை எப்படி ஊகிப்பது?

எடையை வைத்து. ஒரு கெஜம் குவில்ட் காட்டன் சுமார் 150 கிராம். இரண்டு கிலோ பார்சலில் 13 கெஜம் அடங்கும். தபால் செலவை 13ஆல் வகுத்து ஒவ்வொரு கெஜத்தின் மேலும் ஏற்றுங்கள், அப்போதுதான் உண்மை விலை தெரியும். அமெரிக்கக் கடையில் ஒற்றைக் கெஜம் வாங்குவது யாருக்கும் கட்டாது.

இந்தியாவிலிருந்து வாங்கலாமா?

தாராளமாக. சங்கானேர் அச்சு, கலம்காரி, மதுரைச் சுங்குடி எல்லாம் குவில்ட்டில் அவ்வளவு அழகாக உட்காரும். வாங்கும்போது கேம்ப்ரிக், அதாவது நெருக்கமான நெசவா என்று கேளுங்கள். குவில்ட் காட்டனைவிடக் கொஞ்சம் மெலிந்தாலும் கேம்ப்ரிக் தாங்கும். மல், வாயில் (voile) என்ற மெல்லிய துணிகள் இரண்டும் வேண்டாம். கட்டை அச்சில் வரி கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும், அது கையால் செய்ததின் அடையாளம், குறை சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள்.

உறவினர் யாராவது சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருகிறார்கள் என்றால் அதைவிட நல்ல கூரியர் உலகத்தில் இல்லை. அங்கே இணையக் கடையில் நீங்கள் பணம் கட்டி, சித்தி வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லலாம். ஆனால் இரண்டு மீட்டர் என்று சொல்லிவிட்டு எட்டு மீட்டர் வாங்கி அவர் பெட்டியில் திணிக்காதீர்கள். அடுத்த முறை அவர் வரும் தேதியே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

நம் ஊர் பாத்தேக் துணி?

மிக நல்லது. மெழுகும் சாயமும் பிடிக்க நெருக்கமாக நெய்த துணி என்பதால் ஓரம் அதிகம் பிரியாது. கையால் வரைந்ததும் செப்பு அச்சால் மெழுகு வைத்ததும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது பாத்தேக் மாதிரி அச்சடித்த துணி, விலையும் அதற்கேற்ப இருக்கவேண்டும். சரோங்கை வெட்டுவதானால் தலைப்புப் பகுதியைத் தனியே எடுத்து ஓரப்பட்டைக்கு வையுங்கள். ரேயான் பாத்தேக்கும் நிறைய வருகிறது, குழைந்து நழுவும், அதைக் குவில்ட்டுக்கு எடுக்காதீர்கள்.

வந்த துணியைத் துவைத்துவிட்டுத்தான் வெட்டவேண்டுமா?

முழுத் துணியை ஆம். பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம், சிவப்பும் கருநீலமும் சாயம் விடலாம். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள், கறை ஏறினால் தனியாகத் துவையுங்கள், தண்ணீர் தெளிகிறவரை. உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைய சாயங்களுக்கு அது உதவுவதில்லை. சார்ம் பேக், ஜெல்லி ரோல் மாதிரி வெட்டிய துண்டுகளை மட்டும் துவைக்காதீர்கள், நூல் நூலாகப் பிரிந்து அளவே போய்விடும்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு, துவைத்து இஸ்திரி போட்ட துணியை நன்றாக ஆறவிட்டு மடியுங்கள். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சைப் புள்ளி வரும்.

முகநூலில் "கடை மூடுகிறோம், 90 சதவீதம் தள்ளுபடி" என்று வருகிறதே?

தொடாதீர்கள். 2025இல் அமெரிக்காவின் பெரிய துணிக்கடைச் சங்கிலியான ஜோஆன் தன் கடைகளை எல்லாம் மூடியபோது, அதன் பெயரையும் சின்னத்தையும் போட்டுப் போலித் தளங்கள் முளைத்தன. முகவரி இல்லாத தளம், வங்கிக் கணக்கில் நேராகப் பணம் போடச் சொல்லும் கடை, எல்லாத் துணியும் ஒரே விலை, இதில் ஒன்று இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். உள்ளூர்க் கணக்கு எண்ணைக் கொடுத்தால் மோசடிக் கணக்கா என்று காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 997 எண்ணுக்கு அழைக்கவேண்டும், தேசிய மோசடித் தடுப்பு மையம் அது. மணிக்கணக்கில் யோசித்தால் பணம் கைமாறிவிடும்.

துணி தவறாக வந்தது, கடைக்காரர் மறுக்கிறார். வேறு வழி?

தளத்தில் வாங்கியிருந்தால் "பெற்றுக்கொண்டேன்" பொத்தானை அழுத்துவதற்கு முன் பார்சலைப் பிரித்து டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. துணியை வெட்டிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. உள்ளூர் விற்பனையாளர் என்றால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளிக் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இருபது வெள்ளித் துணிக்கு யாரும் போகமாட்டார்கள், மொத்தமாக வாங்கி ஏமாந்தவர்கள் போகலாம்.

பஞ்சு விரிப்பையும் இணையத்தில் வாங்கலாமா?

உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வேண்டாம். எடை குறைவு, ஆனால் பருமன் அதிகம். பெட்டியின் அளவுக்குக் காசு கேட்பார்கள். நம் வெயிலுக்குத் தடித்த பாலியஸ்டர் விரிப்பு வைத்தால் போர்வை அலமாரியிலேயே கிடக்கும். மெல்லிய பருத்தி விரிப்பு, அல்லது 80 பங்கு பருத்தியும் 20 பங்கு பாலியஸ்டரும் கலந்தது, குளிர்சாதன அறைக்குச் சரியாக இருக்கும். அதுவும் கிடைக்கவில்லையா, ஒரு சுற்று துவைத்த ஃபிளானல் துணியையே நடுவில் வையுங்கள். சிலர் பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து வைக்கிறார்கள், அதுவும் நன்றாகவே இருக்கிறது, ஜரிகைக் கரையை மட்டும் முதலில் வெட்டி எடுத்துவிடவேண்டும். விரிப்பு காற்றை உறிஞ்சிய பையில் சப்பையாக வரும். பிரித்து ஓர் இரவு தரையில் விரித்துப் போட்டால் மடிப்பு தானாகவே நிமிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்ததின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.